மழலையும் செவிப்புலனும்

குழந்தை முதற்சொல்லைப் பேசுவதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே பேச்சொலிகளை எழுப்பிப் பழகத் தொடங்கிவிடுகிறது. பொருளற்றதாகத் தோன்றும் அந்த மழலை, குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்கிறதா என்பதற்கான முக்கிய அடையாளங்களில் ஒன்று என ஆய்வுகள் காட்டுகின்றன.

பிறந்த குழந்தையின் குரல்வளை தொண்டையில் உயரமான இடத்தில் அமைந்துள்ளது. நாக்கு வாயை ஏறக்குறைய நிறைத்துவிடுகிறது. எனவே தொடக்கத்தில் அழுகையைத் தவிர அதிகம் எதிர்பார்க்க முடியாது. இரண்டு, மூன்று மாதங்களில் உயிரொலிகளை ஒத்த மென்மையான ஒலிகள் எழுகின்றன. பின்னர் கீச்சிடுதல், உதடுகளை அதிரவைத்தல் ஆகியவை வருகின்றன. ஆறாவது மாதத்துக்கும் பத்தாவது மாதத்துக்கும் இடையில் "பபப", "மமம", "ததத" என்ற அசைத்தொடர்கள் பிறக்கின்றன. தமிழ் இலக்கணத்தின் சொல்லில் கூறினால், குழந்தை உயிர்மெய்க்கு வந்துவிடுகிறது.

மழலைக்கும் மொழிக்கும் தொடர்பில்லை என்று 1941இல் வாதிட்டார் ரஷ்யாவில் பிறந்த மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன். பிற்காலத்தில் செய்யப்பட்ட ஒலிப்பதிவுகள் அக்கருத்தை ஆதரிக்கவில்லை. மழலையில் மிகுந்து வரும் ஒலிகளே முதற்சொற்களிலும் இடம்பெறுகின்றன.

காது கேளாத குழந்தைகளும் கேட்கும் குழந்தைகளைப் போலவே மழலை பேசுவார்கள் என்ற நம்பிக்கையும் நெடுங்காலம் நிலவியது. அமெரிக்காவின் மயாமியில் பணியாற்றிய கிம்ப்ரோ ஓலர், ரெபெக்கா ஐலர்ஸ் ஆகியோர் 1988இல் வெளியிட்ட ஆய்வு அதனைத் தகர்த்தது. கேட்கும் குழந்தைகள் அனைவரும் பத்து மாதங்களுக்குள் தெளிவான அசைகளை எழுப்பினர். கடுமையான கேட்புக் குறைபாடு உடையவர்களில் ஒருவர்கூடப் பதினோரு மாதங்களுக்கு முன் அவ்வாறு செய்யவில்லை. ஆனால் தொடக்க மாதங்களில் இவர்களும் அழுது, சிரித்து, குரல் எழுப்புகின்றனர். பெற்றோர் ஏமாந்துபோவது இங்கேதான். குரல் வருவதால் காது கேட்கிறது என்று முடிவு செய்துவிடுகின்றனர்.

செவிப்புலன் இல்லாவிட்டாலும் மொழித் திறன் ஓய்ந்துவிடுவதில்லை. சைகை மொழி பேசும் பெற்றோரிடம் வளரும் காது கேளாத குழந்தைகள், கைகளாலேயே அசைகளை மீண்டும் மீண்டும் உருவாக்குவதாக 1991இல் கனடாவில் லாரா ஆன் பெட்டிட்டோவும் பவுலா மாரன்டெட்டும் காட்டினர்.

வாய் பழகும் அதே மாதங்களில் செவி தன் மொழியைத் தேர்ந்துகொள்கிறது. ஆங்கிலம் பேசும் வீடுகளின் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதங்களில், தமிழின் "ட", "த" போன்ற இந்தி ஒலிகளின் வேறுபாட்டை உணர்ந்தனர். முதலாண்டின் இறுதியில் அவர்களில் மிகச் சிலரே அதனை உணர்ந்தனர். ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட முடிவு இது.

புலம்பெயர்ந்த குடும்பங்களில், குழந்தையின் பேச்சு சற்றுத் தாமதமானாலும் வீட்டுமொழியின் மீதே முதலில் பழி விழுகிறது. இரு மொழிகளைக் கேட்பதால் குழந்தை குழம்புகிறது, ஒன்றை நிறுத்துங்கள் என்ற அறிவுரை எளிதாகக் கிடைக்கிறது. அசை மழலையைப் பொறுத்தவரை அதற்கு ஆதாரம் இல்லை. ஸ்பானிய மொழியும் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்த மயாமிக் குழந்தைகள், ஒரு மொழிக் குழந்தைகளின் வயதிலேயே அசைகளை எழுப்பியதாக ஓலர் குழுவினர் 1997இல் தெரிவித்தனர்.

தமிழை நிறுத்திவிட்டுக் காத்திருப்பதால் இழக்கப்படுவது காலமே. பத்து மாதம் நிறைந்தும் குழந்தையிடம் அசைகள் தோன்றவில்லை என்றால், பிறந்தவுடன் செய்த சோதனையில் குறை ஏதும் தெரியாதிருந்தாலும், செவிப்புலனை மீண்டும் பரிசோதிக்கும்படி மருத்துவரிடம் கேட்க வேண்டும். சில கேட்புக் குறைபாடுகள் பிறந்த பின்னரே தோன்றுகின்றன.