சிங்கப்பூரில் நன்னடத்தைக் கண்காணிப்பு: வரலாறும் வாக்குறுதியும்

சிங்கப்பூர் இந்தியர் வரலாற்றில் சிறைக்குத் தனியிடம் உண்டு. 1825ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பென்கூலனிலிருந்து இங்குக் கொண்டுவரப்பட்ட சென்னை மாகாணக் கைதிகள் 80 பேரும் அவர்களை அடுத்து வந்த வங்காளக் கைதிகளும் இத்தீவின் சாலைகளையும் கட்டடங்களையும் உருவாக்கியோருள் முன்னோடிகள் ஆவர். இவ்வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. எனினும், சிறைக்கு வெளியே நிறைவேறும் நீதிமுறையாகிய நன்னடத்தைக் கண்காணிப்பு தமிழில் போதிய கவனம் பெறவில்லை. குற்றம் புரிந்ததாகத் தீர்ப்பளிக்கப்பட்ட ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல், குறித்த கால எல்லை வரை அலுவலர் ஒருவரின் மேற்பார்வையில் வாழச் செய்வதே இம்முறையாகும். இது குற்றவாளி தரும் வாக்குறுதியின்மேல் கட்டப்பட்டது என்பதும், அவ்வாக்குறுதியை விளங்கவைக்கும் மொழியும் அதனைக் காத்துநிற்கும் வீடும் இல்லாதவிடத்து இம்முறை பொருளிழக்கும் என்பதும் இக்கட்டுரையில் நாம் நிறுவ முற்படும் கருத்துகளாகும்.

சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் வழங்கும் 'புரொபேஷன்' என்னும் சொல் சோதித்தல், மெய்ப்பித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. இவ்வொரு சொல்லுக்குத் தமிழில் இரு வழக்குகள் அமைந்துள்ளமை நோக்கத்தக்கது. பணியில் புதிதாகச் சேர்ந்தவரின் தொடக்கக் காலத்தைத் தமிழக அரசு வழக்கு 'தகுதிகாண் பருவம்' எனக் குறிக்கிறது. குற்றவியலிலோ தமிழகம், இலங்கை, சிங்கப்பூர் ஆகிய மூவிடத்தும் 'நன்னடத்தை' என்னும் சொல்லே வேரூன்றியுள்ளது. முன்னது சோதனையைச் சுட்டுகிறது. பின்னது சோதனையின் முடிவில் எய்தவேண்டிய நிலையை முன்கூட்டியே சுட்டுகிறது. தவறிழைத்தவரிடம் நல்ல நடத்தையை எதிர்பார்த்து, அவ்வெதிர்பார்ப்பையே அவர் நிலைக்குப் பெயராகச் சூட்டிய இவ்வழக்கு, சட்டத்தின் உட்கருத்தை மூலச்சொல்லைக் காட்டிலும் தெளிவாகப் புலப்படுத்துகிறது எனலாம்.

கைதிகள் காலத்து நம்பிக்கை

மேற்பார்வையில் வெளியே வாழவிடும் வழக்கம் சிங்கப்பூருக்கு 20ஆம் நூற்றாண்டில்தான் அறிமுகமானது என்று கொள்வது பொருந்தாது. 1845இல் ஆளுநர் பட்டர்வொர்த் காலத்தில் வகுக்கப்பட்ட விதிகளின்படி, நாடுகடத்தப்பட்ட இந்தியக் கைதிகள் ஆறு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டனர். கீழ்வகுப்பினர் விலங்குடன் உழைத்தனர். நல்ல ஒழுக்கத்தால் படிப்படியாக உயர்ந்து முதல் வகுப்பை எட்டியவர் 'விடுப்புச் சீட்டு' பெற்று வெளியே வாழ்ந்து, தாமே பொருளீட்டி, குறித்த நாள்களில் அதிகாரிகள்முன் வருகை தரலாம். கைதிகளிலிருந்தே காவலர்களைத் தேர்ந்தெடுக்கும் வழக்கமும் இருந்தது. அக்காலச் சிறை அதிகாரிகளுள் ஒருவரான மேக்நேர், 1899இல் வெளியிட்ட தம் நூலுக்குக் 'கைதிகளே தங்கள் காவலர்கள்' என்னும் பொருள்படப் பெயரிட்டது இதனாலேயே. 1873இல் இக்கைதி முறை முடிவுக்கு வந்தபின்னரும் விடுப்புச் சீட்டுப் பெற்றோர் பலர் இங்கேயே தங்கி நகர மக்களுடன் கலந்துவிட்டனர்.

இம்முறையில் நம்பிக்கை இருந்தது. ஆனால் அது நீண்ட கால உழைப்பின் இறுதியில் வழங்கப்பட்ட கூலி. மேலும், கடல்கடந்து வந்த கைதிக்கு வீடு என்று ஒன்று இல்லை. அவர் பெற்றோரையோ உற்றாரையோ அரசு எதுவும் கேட்கவில்லை. நன்னடத்தைக் கண்காணிப்பு இவ்விரண்டையும் மாற்றியமைத்தது. நம்பிக்கையைத் தண்டனைக்குப் பின் வைக்காமல் தண்டனையின் இடத்திலேயே வைத்தது. வீட்டையும் நீதியின் களமாக்கியது.

1951ஆம் ஆண்டுச் சட்டம்

இப்புதிய கருத்தின் தொடக்கத்தை 1841இல் அமெரிக்காவின் போஸ்டன் நகரில் காண்கிறோம். ஜான் அகஸ்டஸ் என்னும் காலணி செய்பவர், குடிப்பழக்கத்தால் நீதிமன்றத்தில் நின்ற ஒருவருக்குப் பிணை கொடுத்துத் தம் பொறுப்பில் அழைத்துச் சென்றார். சட்ட அலுவலர் எவரும் தொடங்காத இப்பணி 1878இல் மாசசூசெட்ஸ் மாநிலத்திலும், 1907இல் பிரிட்டனிலும் சட்டமாயிற்று. தமிழர் வாழும் நிலங்களுள் சென்னை மாகாணம் 1936ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், இலங்கை 1944ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தாலும் இம்முறையை ஏற்றன. இந்தியா முழுமைக்குமான சட்டம் 1958இல்தான் இயற்றப்பட்டது.

சிங்கப்பூரில் போருக்குப் பிந்தைய வறுமையும் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் நிலையும் அரசின் கவனத்தை ஈர்த்தன. 1946இல் சமூக நலத்துறை தோன்றியது. 1949இல் சிறுவர், இளையர் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. 1951இல் குற்றவாளிகள் நன்னடத்தைக் கண்காணிப்புக் கட்டளைச் சட்டம் உருவாயிற்று. பிரிட்டனின் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் சாயல் இதில் தெளிவாகத் தெரிகிறது.

இச்சட்டம் செயற்படும் முறையைச் சுருங்கக் கூறலாம். நீதிமன்றம் முடிவெடுக்கும் முன்னர், நன்னடத்தை அலுவலர் குற்றவாளியின் குடும்பம், கல்வி, வேலை, நட்பு ஆகியவற்றை ஆராய்ந்து அறிக்கை தருகிறார். தகுதியுடையவர் எனக் கண்டால், தண்டனை விதிப்பதற்கு மாற்றாக ஆறு மாதத்துக்குக் குறையாமலும் மூன்றாண்டுக்கு மிகாமலும் நீதிமன்றம் ஆணை பிறப்பிக்கிறது. அலுவலரைக் குறித்த காலங்களில் சந்தித்தல், இரவில் வீட்டில் இருத்தல், சமூக சேவை ஆற்றுதல் முதலியன நிபந்தனைகளாகலாம். பெற்றோர் பிணைமுறி எழுதித் தருமாறு பணிக்கப்படுவதும் உண்டு. நிபந்தனையை மீறினாலோ மீண்டும் குற்றம் புரிந்தாலோ, முதற்குற்றத்திற்கே தண்டனை விதிக்கப்படலாம். ஒழுங்காக நிறைவேற்றினால், சட்டம் சுட்டும் சில நோக்கங்கள் தவிர, அது குற்றத்தீர்ப்பாகக் கருதப்படுவதில்லை.

இவற்றுள் நாம் அழுத்தம் தர விரும்புவது வேறொரு விதியாகும். ஆணையின் பொருளையும் மீறினால் நேர்வதையும் நீதிமன்றம் எளிய மொழியில் குற்றவாளிக்கு விளக்க வேண்டும். சிறுபிள்ளைகள் நீங்கலாக ஏனையோர் இணங்கினாலன்றி ஆணை பிறப்பிக்கலாகாது. சிறைத்தண்டனையை ஏற்கிறாயா என்று எந்த நீதிபதியும் கேட்பதில்லை. இங்கோ குற்றவாளியின் வாய்ச்சொல் ஆணைக்கே அடித்தளமாகிறது.

பூன் லே: இரு வழிகள்

இவ்வடித்தளத்தின் உறுதியை உணர ஒரு குடியிருப்பு வட்டாரத்தை நோக்குவது பயனுடையது. மேற்குச் சிங்கப்பூரிலுள்ள பூன் லே, ஜூரோங் பகுதியில் தோட்டங்களை வைத்திருந்த சியூ பூன் லே என்னும் வணிகரின் பெயரைத் தாங்கியது. 1960களில் ஜூரோங் தொழிற்பேட்டை வளர, அதன் தொழிலாளர்களுக்காக எழுப்பப்பட்ட குடியிருப்புகளுள் இதுவும் ஒன்றாயிற்று. 1990இல் பெருவிரைவு ரயிலும் வந்தது. இவ்வட்டாரத்திலிருந்து எட்டிவிடும் தொலைவில், ஜாலான் பஹாரில், நீதிமன்ற ஆணையின்பேரில் ஆண்பிள்ளைகள் தங்கவைக்கப்படும் சிங்கப்பூர்ச் சிறுவர் இல்லம் அமைந்துள்ளது.

இளங்குற்றவாளிமுன் உள்ள இரு வழிகளும் இவ்வாறு ஒரே வட்டாரத்தில் அருகருகே நிற்கின்றன. ஒன்று மதிலுக்குள் செல்வது. மற்றொன்று அடுக்குமாடி வீட்டுக்கே திரும்புவது. இரண்டாவது வழி எளிதன்று. மாறுநேர வேலை பார்க்கும் தந்தை, தமிழ் மட்டுமே பேசும் பாட்டி, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஆணை என்று ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். மகன் இரவு எத்தனை மணிக்குள் வீட்டில் இருக்கவேண்டும் என்பது வீட்டார்க்கு விளங்காவிட்டால், முதல் மீறல் அறியாமையாலேயே நிகழக்கூடும். மதிலுக்குள் ஒழுங்கைக் காவலர் காக்கின்றனர். வீட்டில் அதனைக் காப்பது புரிதல் ஒன்றே.

இக்குறையை உணர்ந்தே அரசு சமூகத்தையும் துணைக்கு அழைத்தது எனலாம். 1971இல் தொடங்கிய தொண்டூழிய நன்னடத்தை அலுவலர் திட்டத்தின்கீழ்ப் பொதுமக்கள் பயிற்சி பெற்று, முழுநேர அலுவலர்களுடன் இணைந்து பணியாற்றுகின்றனர். ஜான் அகஸ்டஸ் தனிமனிதராகத் தொடங்கியது இங்கு மீண்டும் தொண்டாகவே தொடர்கிறது. நீதிமன்றங்களின் நோக்கும் இதற்கு அரணாக அமைந்தது. 21 வயதும் அதற்குக் கீழும் உள்ளோரைப் பொறுத்தவரை மறுவாழ்வே முதன்மையாகக் கருதத்தக்கது என்று 1998இல் தலைமை நீதிபதி யோங் பங் ஹாவ் தீர்ப்பளித்தார். எனினும் குற்றத்தின் கடுமையை அவர் புறந்தள்ளவில்லை. கடுங்குற்றங்களில் இம்மறுவாழ்வு சீர்திருத்தப் பயிற்சி நிலையத்தின் வழியே அமைவதும் உண்டு. 2011இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், நாள் வருகை ஆணை, சமூக சேவை ஆணை முதலிய சமூகம்சார் தண்டனைகளைச் சேர்த்து இவ்வழியை மேலும் அகலப்படுத்தியது.

முடிவுரை

நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டவரைப் பற்றி 'விட்டுவிட்டார்கள்' என்று நம் சமூகத்தில் பேசக் கேட்கிறோம். மேற்கண்ட வரலாறு அக்கூற்றை மறுக்கிறது. விடுப்புச் சீட்டுக் கைதி பல்லாண்டு உழைத்துப் பெற்ற நம்பிக்கையை இன்றைய இளையர் முதல் நாளிலேயே கடனாகப் பெறுகிறார்; அக்கடனை ஒவ்வோர் இரவும் திருப்பிச் செலுத்தவேண்டியவராகிறார். அவருடன் அவர் வீடும் பிணைப்படுகிறது.

இவ்விடத்தில் தமிழாசிரியர்களுக்கும் ஒரு பங்குண்டு. அலுவலர் திரட்டும் செய்திகளுள் பள்ளியின் கருத்தும் அடங்கும். மாணவனைப் பற்றி ஆசிரியர் எழுதும் இரண்டு வரிகள் அவன் எவ்வழியிற் செல்வான் என்பதற்குத் துணைசெய்யக்கூடும். அதனினும் முக்கியமாக, நிபந்தனை, மீறல், இணக்கம் போன்ற சொற்களை வீட்டுத்தமிழில் பெற்றோருக்கு எடுத்துரைக்க வல்லவர் பல வேளைகளில் ஆசிரியரே. ஆணையை மொழிபெயர்ப்பதோடு இப்பணி நிறைவுறாது. 'மாலையில் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று நீங்களும் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று ஒரு தாய்க்குப் புரியும்படி சொல்வதும் அதில் அடங்கும். சட்டம் கேட்கும் எளிய மொழி, பூன் லேயில் வாழும் ஒரு தமிழ்த் தாய்க்குத் தமிழாகத்தான் இருக்க முடியும்.