கிடப்பதும் இருப்பதும்

பட்டினி கிடக்கிறோம், நோன்பு இருக்கிறோம். வயிறு இரண்டிலும் காலிதான். ‘ரெண்டு நாளா பட்டினி இருந்தேன்’ என்று ஒருவர் சொல்லக்கூடும். ஆனால் ‘நோன்பு கிடக்கிறேன்’ என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பசி ஒருவரை வீழ்த்தினால் அவர் கிடக்கிறார். அவரே பசியை அழைத்து எதிரில் உட்காரவைத்தால் இருக்கிறார். தவங்கிடத்தல், பாடுகிடத்தல் என்ற வழக்குகளும் உண்டே என்று கேட்கலாம். அங்கே கிடப்பவர், போக வேறு இடமில்லாமல் தெய்வத்தின் வாசலில் வந்து விழுந்தவர். வினை அப்போதும் பொய் சொல்லவில்லை.

உண்ணாமையைக் குறிக்கும் சொற்களில் என்னை அதிகம் ஈர்ப்பது நோன்பு. அந்தச் சொல்லுக்குள் சோறும் இல்லை, சோற்றை மறுப்பதும் இல்லை. நோல் என்பது வேர். நோற்றல் என்றால் பொறுத்தல், தாங்குதல். நோன்மை என்றால் வலிமை. மலையாளத்தில் நோம்பு, கன்னடத்தில் நோம்பி, தெலுங்கில் நோமு என்று திராவிட மொழிகள் பலவற்றிலும் அச்சொல் பரவியிருக்கிறது. நோ, நோவு, நோய் ஆகியவற்றோடு இதை உறவாக்கிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் எனக்கு வியப்பில்லை. வலி என்ற ஒரே சொல்லால் நோவையும் பலத்தையும் சேர்த்துச் சொல்லும் மொழி இது.

வள்ளுவர் பொறையுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் இரண்டு பேரை ஒப்பிடுகிறார். ஒருவர் உணவை விட்டு நோற்பவர். மற்றவர் பிறரது கடுஞ்சொல்லை நோற்பவர். இருவருக்கும் ஒரே வினை. முதலிடம் சொல்லைத் தாங்கியவருக்குத்தான்.

வடமொழியிலிருந்து வந்த விரதம் வேறு வகை. வேதத்தில் அதற்குக் கட்டளை, உறுதி என்று பொருள். உபவாசம் என்பதற்கு அருகில் தங்குதல் என்று பொருள். வேள்விக்கு முந்தின நாள் தேவர்கள் வீட்டுக்கு வந்து அருகே தங்குகிறார்கள், விருந்தினர் உண்ணும் முன் வீட்டுக்காரர் உண்பது முறையல்ல என்று சதபத பிராமணம் விளக்கம் தருகிறது. பசி அங்கே விருந்தோம்பலின் ஒரு பகுதி. இதே சொல் பாலியில் உபோசதமாகி, சிங்களத்தில் போயாவாகி, இலங்கையில் பௌர்ணமிதோறும் விடுமுறையாக நிற்கிறது.

நோன்பைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றுப் படுகையில் ஒரு பாறை. அதன் உச்சியில் சிறு கோயில். கபிலர் குன்று என்கிறார்கள். பாரி இறந்தபின் அவன் மகளிரைப் பாதுகாப்பான கைகளில் ஒப்படைத்துவிட்டுக் கபிலர் வடக்கிருந்தார் என்று புறநானூற்றின் 236ஆம் பாட்டுக்கு அமைந்த அடிக்குறிப்பு சொல்கிறது. குன்றுக்கு அருகேயுள்ள வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதன்படி கபிலர் தீப்புகுந்தார். அந்தப் பாறை கபிலக்கல். பசியா, நெருப்பா என்று தீர்ப்புச் சொல்ல நான் முயலமாட்டேன். சங்க காலம் தந்த சொல் வடக்கிருத்தல். சாகும்வரை உண்ணாமையைக் குறிக்கும் அச்சொல்லிலும் உணவைப் பற்றிய பேச்சு இல்லை. ஒரு திசையும் ‘இரு’ என்ற வினையும் போதுமாயின.

வடக்கிருந்தவர்கள் ஏன் இருந்தார்கள் என்பதுதான் என் மனதைப் பிடித்துக்கொள்கிறது. சேரமான் பெருஞ்சேரலாதன் வெண்ணிப் போரில் முதுகில் பட்ட புண்ணுக்காக இருந்தான். கோப்பெருஞ்சோழன் பெற்ற பிள்ளைகளோடு நேர்ந்த பகைக்காக. பிசிராந்தையார் அதுவரை பார்த்திராத நண்பனான அந்தச் சோழனுக்காக. நாணம், மனமுறிவு, அன்பு: உடம்பு சோற்றை ஏற்க மறுக்கும் வேளைகள் இவை. இழவு வீட்டில் இன்றும் அடுப்பு மூட்டுவதில்லை. உறவுக்காரர் வீட்டிலிருந்து சோறு வருகிறது. துக்கம் தொண்டையை அடைக்கும் என்பதை அறிந்த ஒரு சமூகம் அதை வழக்கமாக்கி வைத்திருக்கிறது.

சமணர் இந்த இருப்பை நாள் கணக்கிட்டுக் கல்லில் வெட்டினார்கள். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் அனசனம் நோற்று உயிர்விட்டதைப் பழைய கல்வெட்டு ஒன்று பதிந்திருக்கிறது. அனசனம் என்றால் உண்ணாமை, அது வடசொல். ஆனால் அதைச் செய்து முடிக்கும் வினை, நோற்ற, தமிழ். உளுந்தூர்பேட்டைப் பக்கம் திருநறுங்கொண்டையில் அப்பாண்டைநாதர் கோயில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. சமண மரபு இந்த வட்டாரத்தை விட்டுப் போய்விடவில்லை.

57 நாள் எப்படி? கல்லீரலில் சேர்ந்திருக்கும் சர்க்கரை ஏறக்குறைய ஒரு நாளில் தீர்ந்துவிடும். பிறகு கொழுப்பு கரைகிறது. அதிலிருந்து வரும் கீட்டோன் பொருள்களை மூளையும் எரிபொருளாக ஏற்றுக்கொள்கிறது. முதல் இரண்டு மூன்று நாள்தான் பெரும்பாடு: தலைவலி, எரிச்சல், கை கால் சில்லிடல், வாயில் ஒரு வாடை. பசி நேர்கோட்டில் ஏறுவதுமில்லை. வழக்கமாகச் சாப்பிடும் வேளையில் அலையாக எழுந்து, கவனிக்காமல் விட்டால் தணிகிறது. நோன்பிருப்பவர்கள் சொல்லும் அந்தத் தெளிவு நான்கைந்து அலைகளைப் பார்த்து அனுப்பியபின் வருவது. ஆனால் அந்தத் தெளிவுக்கு எல்லை உண்டு. கொழுப்புக் குறையக் குறையத் தசை கரையும், இதயம் உட்பட. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட இருக்கக்கூடாது.

மனம் என்ன ஆகும் என்பதற்குச் சான்று வேறு எங்கோ கிடைத்தது. 1944, 45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமே முன்வந்த 36 இளைஞர்களை 24 வாரம் அரைவயிற்றில் வைத்துப் பார்த்தார். அவர்கள் சமையல் புத்தகங்களை விடாமல் படித்தார்கள், தட்டை நக்கினார்கள், சிடுசிடுத்தார்கள், மனம் சோர்ந்தார்கள். உலகப் போரில் பட்டினி கிடந்தவர்களை மீட்கும் வழி தேடி விருப்பத்தோடு போய் இருந்தவர்கள், வாரங்கள் ஓட ஓடக் கிடந்தவர்களானார்கள்.

புரட்டாசிச் சனிக்கிழமையில் என் அம்மா ஒருபொழுது. பக்கத்து வீட்டு அத்தையிடம் சிறுவனான நான், “அம்மா இன்னைக்குப் பட்டினி” என்றேன். அம்மா என்னை அதட்டியது எனக்கு நினைவிருக்கிறது. “பட்டினின்னு சொல்லாதடா. வீட்டுல அரிசி இருக்கு.” அதற்குமேல் அவள் விளக்கவில்லை. கத்தோலிக்கர் இதை ஒருசந்தி என்கிறார்கள். முஸ்லிம்கள் ரமலானில் பிடிப்பது நோன்பு. அரபுச் சொல்லைவிட இந்தப் பழைய தமிழ்ச் சொல்லே அவர்கள் வீடுகளில் புழங்குகிறது.

விடும் நேரத்துக்கும் சொற்கள் உண்டு. ஏகாதசி முடித்தவர் துவாதசியில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்த்து உண்பது பாரணை. மறுகரை என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்த சொல். பள்ளிவாசலில் பேரீச்சையும் கஞ்சியுமாக நோன்பு திறக்கிறார்கள். பல நாள் உண்ணாதவருக்குத் திடீரென்று நிறையச் சோறு போட்டால் இரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து உயிரே போகலாம். கரையேறும்போதுதான் கவனம் வேண்டும்.

உண்ணாவிரதம் அரசியல் மேடையேறிய சொல். பாதி தமிழ், பாதி வடமொழி. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடுதல் உள்ளிட்ட கோரிக்கைகளோடு விருதுநகரில் 1956 சூலை 27 அன்று இருக்கத் தொடங்கிய சங்கரலிங்கனார், 76ஆம் நாள் வரை இருந்து அக்டோபர் 13 அன்று இறந்தார். பெயர் 1969இல் வந்தது. மேடையில் நாள் முழுக்க உட்கார்ந்து மாலையில் பழரசத்தோடு எழுவதற்கும் இன்று அதே சொல்லைத்தான் எழுதுகிறோம். சங்கரலிங்கனாருக்கு உண்ணாநோன்பு என்று தனியே எழுதவே என் கை விரும்புகிறது.

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே கல்வராயன் மலை ஏறும்போது இந்தச் சொற்கள் எல்லாம் கனக்கின்றன. சாமையும் கேழ்வரகும் விளைந்த மலை. 1976 வரை மூன்று ஜாகிர்தார் குடும்பங்களின் பிடியில் இருந்தது. விளைவித்தவரிடம் நிலம் இல்லை. மழை பொய்த்த ஆண்டில் அங்கே வயிறு காய்ந்தது எவருடைய சங்கற்பத்தாலும் அல்ல. அந்தப் பசிக்கு நோன்பு என்ற சொல்லைக் கடன்கொடுப்பதைப் பெரும் பிழையாக நினைக்கிறேன். மணிமேகலை பசிக்குப் பிணி என்றே பெயரிட்டது. கீழே ஊர்களில் ஆடி மாதம் காப்புக் கட்டி விரதமிருக்கும் பெண்கள் அம்மன் கோயில் வாசலில் கேழ்வரகுக் கூழ் வார்க்கிறார்கள். வரிசையில் வரும் தூக்குவாளி எதையும் அவர்கள் வெறுமையாகத் திருப்புவதில்லை.

மலையைக் கடந்து சேலத்துக்கும் அப்பால் கொங்கு நாட்டுக்குள் போனால், சொல் மீண்டும் திரும்புகிறது. அங்கே நோம்பி என்றால் பண்டிகை. பொங்கல் நோம்பி, மாரியம்மன் நோம்பி. நோன்பின் முடிவில் வந்த விருந்து, நோன்பின் பெயரையே தனக்கு எடுத்துக்கொண்டது போலும். தை பிறக்கும் முன் கடைவீதியில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள்: “நோம்பிக்குத் துணி எடுத்தாச்சுங்களா?”