குளிர் தேடி மலையேறியோர்

குளிரை நாடி மலையேறும் ஓய்வுப்பயணம் இலங்கையில் ஆங்கிலேயர் ஆட்சியோடு வேரூன்றிய வழக்கமாகும். 1819இல் இராணுவ வைத்தியர் யோன் டேவி நுவரெலியாவைச் சென்று கண்டார். 1820களின் இறுதியில் தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் அதனை நோயுற்ற படையினருக்குரிய ஆரோக்கியத்தலமாக்கினார். காய்ச்சலிலிருந்து தேறுவதற்கு அங்கு வந்த சாமுவேல் பேக்கரோ, 1848இல் மீண்டும் வந்து ஆங்கிலக் கிராமமொன்றையே அமைக்க முற்பட்டார். தாயகத்தை நீங்கி வந்தோர், வெப்பத்திலிருந்து தப்பியோடியும் தாயகத்தின் சாயலையே தேடினர் என்பது விந்தையே.

1885இல் புகையிரதம் நானுஓயாவை எட்டியதும் பயணம் எளிதாயிற்று. எனினும், அப்பாதையின் முதல் நோக்கம் உல்லாசமன்று. தோட்ட விளைபொருளைத் துறைமுகம் சேர்ப்பதே. கோப்பிக் காலத்தில் அத்தோட்டங்களுக்கு வந்த தென்னிந்தியத் தமிழர் மன்னாரிலிருந்து கால்நடையாகவே மலையேறினர். வழியில் மடிந்தோர் பலர். விடுமுறை கழித்தோர் இறங்கிச் சென்றனர். லயன்களில் வாழ்ந்தோர் தலைமுறைகளாய் அங்கேயே உழைத்தனர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று.