எள்ளல் நீங்கிய நகை

இஸ்லாம் சிரிப்பை விரும்பாத மார்க்கம் என்ற எண்ணம் முஸ்லிம்களிலேயே சிலருக்கு உண்டு. இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் நாவின் கேடுகளுள் ஒன்றாகப் பரிகாசத்தை வைத்ததை அவர்கள் சான்று காட்டுவார்கள். அதே பகுதியில் நபிகளார் (ஸல்) செய்த வேடிக்கைகளையும் அவர் எழுதியிருப்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். கஸ்ஸாலி கடிந்தது அளவு மீறுவதையும், பரிகாசத்தையே தொழிலாக்கிக்கொள்வதையும்தான்.

சிரிக்கலாமா என்பதைவிட, எதைக் கண்டு சிரிக்கிறோம் என்பதில்தான் இஸ்லாமிய ஒழுங்கின் கோடு விழுகிறது என்பது என் வாதம். இதற்குத் தமிழிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைச் சொல்கிறது. இவற்றுள் முதலாவதைக் குர்ஆன் நேராகவே விலக்குகிறது. ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரை எள்ளுவதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் தடுக்கும் வசனம் அது (49:11).

மற்றவற்றுக்கு இடமிருக்கிறது. ஏறிச்செல்ல வாகனம் கேட்டு வந்த ஒருவரிடம், ஒட்டகத்தின் பிள்ளை ஒன்றைத் தருவதாக நபிகளார் சொன்னார்கள். குட்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று அவர் திகைத்தார். எந்த ஒட்டகமும் இன்னொரு ஒட்டகம் ஈன்றதுதானே என்பது பதில் (அபூதாவூத், திர்மிதீ ஹதீஸ் தொகுப்புகள்). கேட்டதைக் கேட்டபடியே பற்றிக்கொள்ளும் மடன்தான் இங்கே நகைக்குக் களம். ஆனால் சொன்னதில் பொய் இல்லை. திகைத்தவரைத் திகைப்பிலேயே விட்டுவிடவும் இல்லை. மூதாட்டிகள் சுவர்க்கம் புகமாட்டார்கள் என்ற வேடிக்கை, பயான் எனப்படும் மார்க்க உரைகளில் இதைவிட அதிகம் சொல்லப்படுகிறது. அதன் அறிவிப்புத் தொடர் முழுமையானதன்று. ஆகவே வாதத்தை அதன்மேல் கட்டவில்லை.

புகாரியில் உள்ள அபூஉமைர் செய்தி உறுதியானது. வளர்த்த சிட்டை இழந்த சிறுவனிடம், அவன் பெயரோடு இயையும்படி 'நுகைர்' என்ற குருவிப் பெயரைச் சேர்த்து, அது என்ன ஆயிற்று என்று நபிகளார் கேட்டார்கள். புகாரியைத் தமிழில் தந்த ரஹ்மத் பதிப்பகம் இருப்பது மயிலாப்பூரில். எவ்வளவு நல்ல மொழிபெயர்ப்பிலும் அந்த இயைபு நழுவத்தான் செய்யும்.

அதே மயிலாப்பூரின் சபா மேடைகளில் பல்லாண்டு சிரிக்கவைத்தவர் 2019இல் மறைந்த கிரேஸி மோகன். நகைச்சுவையைத் தொழிலாகக் கொண்டவர் என்பதால் கஸ்ஸாலியின் கண்டிப்பு அவர்மேலும் பாயும் என்று தோன்றலாம். ஆனால் அவர் வசனங்களின் உயிர் சொல் பிறழ்வதில் இருந்தது. ஒட்டகப் பிள்ளைக்கு அது தூரத்து உறவுதான். (காளமேகப் புலவரைச் சேர்க்கத் தயங்குகிறேன், அவர் சொல் விளையாட்டில் வசையும் கலந்திருக்கிறது.) தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பாயைக் கொச்சைத் தமிழ் பேசவைத்துக் கைதட்டல் வாங்கிய சினிமா நகைச்சுவையோ அப்பட்டமான எள்ளல். தமிழ் முஸ்லிம் வீடுகளில் உருது பேசுவோரைப் பற்றியும், உருது வீடுகளில் தமிழ் பேசுவோரைப் பற்றியும் நடக்கும் கேலிக்கும் அதே தீர்ப்புத்தான்.

பெசன்ட் நகர் கடற்கரையில் வழிப்போக்கர்களைத் திடுக்கிடவைத்து எடுக்கும் 'பிராங்க்' வீடியோக்களை எங்கே வைப்பது? அபூதாவூதில் ஒரு செய்தி உண்டு. பயணத்தில் உறங்கிய தோழர் ஒருவரின் கயிற்றை இன்னொருவர் எடுக்க, அவர் பதறி எழுந்தார். ஒரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது ஆகாது என்றார்கள் நபிகளார். விளையாட்டுக்குத்தானே என்ற சமாதானம் அங்கே எடுபடவில்லை.