எக்ஸ்-ரே நிழலுக்குக் கோடு கிழிப்பது யார்?

மார்பு எக்ஸ்-ரேயில் படிக்கச் சிரமமான இடம் காறை எலும்பின் பின்புறம். நுரையீரலின் உச்சியில் காறை எலும்பும் முதல் விலா எலும்பும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வெளுத்துக் கிடக்கும். பெரியவர்களிடம் காசநோய் பெரும்பாலும் குடியேறுவதும் அந்த மூலையில்தான். அங்கே தெரியும் கடுகளவு வெண்மை எலும்பின் விளிம்பாக இருக்கலாம், என்றோ ஆறிய தழும்பாக இருக்கலாம், இன்றைய நோயாகவும் இருக்கலாம். பழகிய மருத்துவர் வலப்பக்கத்தை இடப்பக்கத்தோடு ஒப்பிடுவார், ஓரடி பின்னால் நகர்ந்து பார்ப்பார், “பழைய படம் இருக்கிறதா?” என்று கேட்பார். இன்று அதே படத்தைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒரு நிமிடத்துக்குள் பார்த்து முடித்து, பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஓர் எண்ணைத் தருகிறது. எந்த எண்ணுக்கு மேல் போனால் ஒருவரைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவது? படத்தின் துல்லியத்தைவிட இந்த வரம்பெண்தான் நோயாளியின் கதியைத் தீர்மானிக்கிறது. ஆகவே அதை மென்பொருளோடு வந்து சேரும் தொழிற்சாலை அமைப்பாக விட்டுவிடாமல், அந்தந்த ஊரின் தரவைக் கொண்டு ஆராய்ந்து வெளிப்படையாக வகுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்தக் கேள்விக்கு வயது அதிகம். இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில் அமெரிக்காவில் காசநோயைத் தேட எந்த அளவுப் படச்சுருள் சிறந்தது என்று ஓர் ஆய்வு நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை நான்கு முறைகளில் படமெடுத்து, ஐந்து பேரிடம் தனித்தனியே காட்டினார்கள். 1947-ல் வெளிவந்த முடிவு ஆய்வாளர்களையே திகைக்க வைத்தது. படமுறைகளுக்கு இடையே இருந்த வேறுபாட்டைவிடப் படம் பார்த்தவர்களுக்கு இடையே இருந்த வேறுபாடு பெரிது. ஒரே மருத்துவர் அதே படத்தை மறுபடி பார்த்தபோது தம் முதல் முடிவையே மாற்றிச் சொன்னதும் உண்டு. அந்த ஆய்வில் பங்குகொண்ட புள்ளியியலாளர் ஜேக்கப் யெருஷால்மி அதே ஆண்டு இரண்டு அளவைகளை முன்வைத்தார். நோயுள்ளவர்களில் எத்தனை பேரைச் சோதனை பிடிக்கிறது என்பது உணர்திறன்; நோயற்றவர்களில் எத்தனை பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்பது தனித்திறன். இன்று எந்த மருத்துவச் சோதனையையும் எடைபோடப் பயன்படும் இவ்விரு சொற்களும் மருத்துவத்தில் வேரூன்றியது காசநோய் எக்ஸ்-ரேயைப் பற்றிய விசாரணையில்தான்.

தமிழ்நாட்டுக் களப்பணியாளர்கள் இந்தப் பாடத்தை நடைமுறையாகவே ஆக்கிக்கொண்டார்கள். திருவள்ளூர் மாவட்டக் காசநோய்க் கணக்கெடுப்புகளில் ஒவ்வொரு படத்தையும் இருவர் தனித்தனியே பார்த்தனர். முடிவுகள் முரண்பட்டால் மூத்தவர் ஒருவர் பார்த்துத் தீர்த்துவைத்தார். ஒருவர் கண்ணை மட்டும் நம்பக் கூடாது என்ற அடக்கம் அந்த முறையிலேயே இருக்கிறது.

நடுவில் எக்ஸ்-ரே ஒதுக்கப்பட்ட காலமும் ஒன்று உண்டு. ஊர் ஊராக வண்டி கொண்டுபோய் எல்லோரையும் படமெடுப்பது செலவுக்கேற்ற பலன் தரவில்லை, அதைக் கைவிடலாம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 1974-ல் சொன்னது. இருமலோடு வருபவரின் சளியை நுண்ணோக்கியில் பார்த்தால் போதும் என்பதே அடுத்த பல ஆண்டுகளின் கொள்கை.

அந்தக் கொள்கையை உலுக்கியது 2019 முதல் 2021 வரை நடந்த இந்தியத் தேசியக் காசநோய்ப் பரவல் கணக்கெடுப்பு. பதினைந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் லட்சத்துக்கு 316 பேருக்கு, சளியில் கிருமி உறுதியான நுரையீரல் காசநோய் இருந்தது. எக்ஸ்-ரே எடுக்காமல் அறிகுறிகளை மட்டும் கேட்டிருந்தால் அவர்களில் 42.6 விழுக்காட்டினர் தப்பிப் போயிருப்பார்கள். பத்துப் பேரில் நால்வர்! இருமல் இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு இல்லை என்று பதில் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

எக்ஸ்-ரே திரும்பி வந்தாயிற்று. ஆனால் படத்தைப் பார்க்க ஆள் போதவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல், பதினைந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் படங்களை மனிதருக்குப் பதிலாக மென்பொருளே பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது. அதே ஆண்டு வெளிவந்த டாக்கா ஆய்வு 23,954 பேரின் படங்களில் ஐந்து மென்பொருள்களைச் சோதித்தது. ஐந்துமே அங்கிருந்த கதிரியக்க மருத்துவர்களை விஞ்சின. ஆனாலும் 90 விழுக்காடு உணர்திறன், 70 விழுக்காடு தனித்திறன் என்ற குறைந்தபட்ச இலக்கை இரண்டே எட்டின. முதியவர்களிடமும் முன்பு காசநோய் வந்தவர்களிடமும் எல்லாமே தடுமாறின.

அந்த இலக்கையே ஓர் ஊரின் பரிசோதனை முகாமுக்குள் கொண்டுபோய்ப் பார்க்கலாம். லட்சம் பேரில் 316 நோயாளிகள் என்று வைத்துக்கொண்டால், மென்பொருள் அவர்களில் 284 பேரைப் பிடிக்கும். கூடவே நோயற்ற 99,684 பேரில் ஏறத்தாழ 29,900 பேரையும் சந்தேகப் பட்டியலில் சேர்க்கும். ஒரு நோயாளியைக் கண்டுபிடிக்க நூற்றுக்கும் மேற்பட்டோரின் சளியைச் சிபிநாட் என்ற மரபணுச் சோதனைக் கருவியில் சோதிக்க வேண்டிவரும். அதே மென்பொருளை, வருபவர்களில் பத்தில் ஒருவருக்கு நோய் இருக்கும் மருத்துவமனையில் வைத்தால் நான்கு சோதனைக்கு ஒரு நோயாளி கிடைப்பார். கருவி மாறவில்லை, வரம்பெண் மாறவில்லை. எதிரே நிற்கும் மக்கள்தான் மாறினார்கள்.

முகாமில் வரம்பெண்ணை உயர்த்தினால் சளிக் குப்பிகள் குறையும், தப்பிப் போகும் நோயாளிகள் கூடுவார்கள். தாழ்த்தினால் பரிசோதனைக் கூடம் திணறும். இதில் எந்த இழப்பை ஏற்பது என்பது கணினி அறிவியலுக்குள் அடங்கும் கேள்வியல்ல. மாவட்டக் காசநோய் அலுவலரும் ஆய்வகத்தாரும் மக்கள் சார்பில் பேசுபவர்களும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு அது. உள்ளூர்த் தரவில் சரிபார்த்தே வரம்பு வகுக்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனமும். மென்பொருளின் புதிய பதிப்பு வந்தால் பழைய எண்ணின் பொருள் மாறிவிடும் என்பதால், அந்த வேலை ஒருமுறையோடு முடிவதுமில்லை.

தழும்பின் சிக்கல் இன்னும் தீவிரமானது. சிகிச்சையை முழுதாக முடித்துக் குணமான ஒருவரின் நுரையீரல் உச்சியில் சுருங்கிய தழும்பு வாழ்நாள் முழுதும் இருக்கும். முகாமுக்கு வரும் ஒவ்வொரு முறையும் மென்பொருள் அவருக்கு உயர்ந்த எண்ணையே தரும். அண்டை வீட்டார் பார்க்க அவர் மறுபடி சளிக் குப்பியை வாங்கிக்கொண்டு நிற்பார். மீண்டும் நோய் வரும் வாய்ப்பு அவருக்குத்தான் அதிகம் என்பதால் அவரை விட்டுவிடவும் முடியாது. அவருக்கென்று தனி வரம்பெண் வேண்டும், முந்தைய படத்தோடு ஒப்பிடும் வழியும் வேண்டும். அதற்கு அவருடைய பழைய எக்ஸ்-ரே எங்காவது பத்திரமாக இருக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் எடுத்த படச்சுருள் பழுப்பு உறையில் அவர் கையோடு வீட்டுக்குப் போய்விட்டது.