செவிவழி வாசிப்பு: பேசும் நூல்களின் கதை

ஒலிநூலைக் கேட்டு முடித்தவர் அந்நூலைப் 'படித்தேன்' என்று சொல்லலாமா? இலக்கிய நண்பர்களிடையே இன்றும் சூடு ஆறாத கேள்வி இது. ஆனால் புதிய கேள்வி அன்று. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே பார்வையற்றோர் இதை எதிர்கொண்டனர். அவ்வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

1877இல் ஒலிவரைவியை உருவாக்கிய எடிசன், மறு ஆண்டே அதன் பயன்களைப் பட்டியலிட்டபோது பார்வையற்றோருக்கான பேசும் நூல்களையும் அதில் சேர்த்தார். அக்கனவு பலிக்க அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் நான்கைந்து நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஒரு நாவலுக்குத் தட்டுகளை மலையாகக் குவிக்க வேண்டும். 1930களில் சுழற்சி வேகத்தைக் குறைத்து, வரிகளை நெருக்கமாக்கிய பின்னரே வழி பிறந்தது. 1934இல் அமெரிக்காவில் பேசும் நூல்கள் வழங்கப்படலாயின. 1935இல் பிரிட்டனில் அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல் ஒன்றும் ஜோசப் கான்ராடின் 'டைஃபூன்' கதையும் ஒலித்தட்டுகளாக வெளிவந்தன. அங்கு இம்முயற்சிக்குத் துணைநின்ற இயன் ஃபிரேசர், 1916இல் சொம் போர்க்களத்தில் பார்வையிழந்தவர். வளர்ந்த வயதில் கண்ணிழந்தோரின் விரல்களுக்குப் பிரெய்ல் எளிதில் வசப்படுவதில்லை என்பதை அவர் அறிவார்.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் பேசும் நூல் ஓர் ஆடம்பரம் என்றே ஹெலன் கெல்லர் முதலில் கருதினார். பின்னர் மனம் மாறி, அதற்காக அரசின் உதவியையும் வேண்டினார். செவிப்புலனும் அற்ற அவர் தாம் ஒருபோதும் கேட்க இயலாத ஒன்றுக்காக வாதாடினார் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பார்வையுள்ளோரிடம் இவ்வடிவம் தாமதமாகவே வந்தது. 1952இல் நியூயார்க்கில் இருபத்திரண்டு வயதுப் பெண்கள் இருவர், டிலன் தாமஸ் தம் படைப்புகளைத் தாமே வாசிக்கப் பதிவுசெய்து, கேட்மன் நிறுவனத்தைத் தொடங்கினர். அடுத்து ஒலிநாடா வந்தது. காரில் நெடுந்தொலைவு வேலைக்குச் செல்வோர் நாவல் கேட்கலாயினர். இன்று அது கைப்பேசிக்குள் அடங்கிவிட்டது.

தமிழருக்கு இது அந்நியமானதா? வள்ளுவர் கல்விக்குப் போலவே கேள்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். நூல்கள் அவையில் வாசித்தே அரங்கேறின. திரௌபதி அம்மன் கோயில்களில் ஊர் கூடிப் பாரதம் கேட்டது. ஏட்டைத் தொட்டவர் சிலர், கேட்டறிந்தவர் பலர். தனித்திருந்து மௌனமாகப் படிப்பது அச்சு பரவிய பின்னரே நம்மிடம் வழக்கமாக ஊன்றியது.

இழப்புகளும் உண்டு. கண் விரும்பிய வரியில் நின்றுவிடும். காதோ குரலின் வேகத்தைத் தொடர வேண்டும். வாசிப்பவரின் ஏற்ற இறக்கம் நமக்கு முன்பே ஒரு பொருளை முடிவு செய்துவிடுகிறது. கவிதையின் வரிப்பிளவு காதில் விழுவதில்லை. ஆகவே ஒலிநூல் அச்சுக்கு நிகரான மாற்று என்று நாம் வாதிடவில்லை. ஆயினும், ஒரு நாவலை இறுதிவரை செவிமடுத்து அதன் மாந்தரோடு துயருற்ற ஒருவரிடம் 'நீர் அதைப் படிக்கவில்லை' என்று சொல்லும் உரிமை நமக்கில்லை. பிரெய்லைத் தடவிப் படிப்பவரும் கண்ணால் படிப்பதில்லை. அதை வாசிப்பு என்று ஏற்கும் நாம், செவிக்கு மட்டும் அப்பெயரை மறுப்பது எவ்வகையில் நியாயம்?