நோய் கொடுத்த அறை

1662இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கையில் இருந்தது. முத்துச்சிப்பிப் பாரில் தோணி நின்றதும் குளியாள் கல்லைக் கால்விரலில் பற்றி, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்குவார். கைமுதல், உள்ளே இழுத்த ஒரே மூச்சு. அதே காலத்தில் ஹென்ஷா என்ற ஆங்கிலேய மருத்துவர், மூடிய அறைக்குள் துருத்தியால் காற்றை அடைத்து நோய் தீர்க்கலாம் என்று கணக்குப் போட்டார். ஆக்சிஜன் என்று ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. பின்னாளில் அழுத்தக் காற்றுக்குள் கூட்டமாக இறங்கியவர்களுக்கோ, இல்லாத நோய் வந்தது.

1841இல் பிரான்சில் லுவார் ஆற்றுப் படுகைக்கடியில் நிலக்கரி எடுக்க, ட்ரிஜே என்ற பொறியாளர் இரும்புக் குழாயை இறக்கி, தண்ணீர் புகாமல் காற்றை அடைத்தார். தண்ணீர் நின்றது. மேலே ஏறி வந்த ஆட்களில் சிலருக்கு மூட்டு வலி உயிரை வாங்கியது. இப்படிப்பட்டவர்களைக் கவனித்த இரு மருத்துவர்கள் 1854இல் ஒரு விந்தையை எழுதி வைத்தார்கள்: மறுபடி உள்ளே போனால் வலி போய்விடுகிறது!

காரணத்தை 1878இல் பால் பேர் என்ற பிரெஞ்சு அறிஞர் சொன்னார். அழுத்தத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், சட்டென்று மேலே வந்ததும் கோலி சோடாவை உடைத்தாற்போல் நுரைக்கிறது. 1890 வாக்கில் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றடிச் சுரங்கத்தில் ஆண்டுக்கு நாலில் ஒரு தொழிலாளி சாகும் நிலை. எர்னஸ்ட் மோயர் என்ற பொறியாளர் அங்கே ஓர் இரும்பு அறையை நிறுத்தி, வலி வந்தவரை அதற்குள் விட்டு அழுத்தத்தை ஏற்றி, மெல்ல மெல்லக் குறைத்தார். அடுத்த 15 மாதங்களில் 120 பேரில் இறந்தவர்கள் இருவர்தான். பிறகுதான் பேராசை புகுந்தது.

1928இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கன்னிங்ஹாம் என்ற மருத்துவர், 64 அடி விட்டத்தில் ஐந்து மாடி எஃகுப் பந்து ஒன்றை எழுப்பினார். சர்க்கரை நோய், புற்றுநோய் எல்லாம் அழுத்தக் காற்றில் தீரும் என்றார். மருத்துவச் சங்கம் ஆதாரம் கேட்டது, வரவில்லை. 1942இல் பந்து போர்க்கால இரும்புக்கடைக்குப் போனது. கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

1960இல் ஆம்ஸ்டர்டாமில் பூரெமா என்ற அறுவை மருத்துவர் பன்றிக்குட்டிகளின் ரத்தத்தில் சிவப்பணுக்களை அநேகமாக முழுதும் நீக்கிவிட்டு, மூன்று மடங்கு அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுத்தார். குட்டிகள் பிழைத்தன! ஆக்சிஜன் வெறும் ரத்த நீரிலேயே கரைந்து உயிரைத் தாங்கியது.

மறு ஆண்டு தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது. பிறகு சங்குக் குளியாட்கள் கல்லை விட்டுக் கம்ப்ரஸர் குழாயைப் பற்றினார்கள். ஆற்றுப் படுகைக்காரர்களின் அந்த மூட்டு வலி, மன்னார் வளைகுடாவுக்கும் வந்தது.

மோயரின் அந்த இரும்பு அறைதான், ஆக்சிஜனும் சேர்ந்து, இன்று பெரிய மருத்துவமனைகளில் படுக்கை நீளக் கண்ணாடிக் குழாயாகக் கிடக்கிறது. ஆறாத சர்க்கரைப் புண்ணோடு காலை நீட்டிப் படுத்திருப்பவர் பெரும்பாலும் ஒரு தாத்தா. நாளுக்கு ஒன்றரை மணி நேரம், முப்பது நாற்பது தடவை. இளமையே திரும்பும் என்றும் கடை விரிக்கிறார்கள். 2020இல் இஸ்ரேலில் 64 வயது கடந்த 35 பேரிடம் நடந்த ஆய்வு அதற்குச் சாட்சியாம். ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழு அதில் இல்லை. எனக்கு அந்த எஃகுப் பந்துதான் ஞாபகம் வருகிறது.

மூடி சாத்தியதும் காது அடைக்கும். வெளியிலிருந்து தொழில்நுட்பர் சைகை காட்டுவார். தாத்தா இரு விரலால் மூக்கைப் பொத்திக்கொள்வார்.